ஏற்காடு மலைக் கிராமங்களில் காப்பீடு இல்லாத குடும்பங்கள்: சுவரில் ஒட்டும் தாளில் என்ன எழுதலாம்?

மலைப்பாதை20 கேட்டது:

வணக்கம். ஏற்காடு வட்டாரத்தில் இரண்டு ஊராட்சிகளுக்காக ஒரு தாள் அச்சடிக்கிறோம். ஒரே தாள், இரண்டு பக்கம். ரேஷன் கடை, பால்வாடி, எஸ்டேட்டில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகை என்று ஜனம் நிற்கிற இடங்களில் ஒட்டப் போகிறோம். மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லாத வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால் எங்கே போவது, கையில் என்ன எடுத்துப் போவது, எங்கே காசு கொடுக்கத் தேவையில்லை, யாரிடம் புகார் சொல்வது. இவ்வளவுதான் அதில் வேண்டும்.

இங்கே இருப்பவர்கள்: நாள்கூலிக்குக் காப்பியும் மிளகும் பறிப்பவர்கள், ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள், வடமாநிலங்களில் இருந்து வந்து எஸ்டேட் லைன் வீடுகளில் தங்கியிருப்பவர்கள். பலரிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லை. சில வீடுகளில் 2009இல் கொடுத்த பழைய அட்டை டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அது செல்லுமா என்று கேட்கிறார்கள்.

என் கேள்விகள். அட்டைக்கு சேலம் கலெக்டர் ஆபீஸ்தான் போக வேண்டுமா? அட்டை இல்லாதவர் அவசரத்தில் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் என்ன செய்வது? சுகர், பிரஷர் மாத்திரைக்கு மாதாமாதம் மலை இறங்குவதைத் தவிர்க்க முடியுமா? வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கு என்ன வழி? தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

வார்டுமேசை எழுதியது:

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். ஆட்கள் அலைந்து சலித்துப்போவது அங்கேதான்.

அட்டை எந்த நிறம், எந்த வருடம் கொடுத்தது என்பது முக்கியமில்லை. அந்தக் குடும்பம் இப்போதைய பதிவில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் இணையதளத்தில் ரேஷன் அட்டை எண்ணைப் போட்டுத் தேடுங்கள். பதிவில் இருந்தால் யு.ஆர்.என். என்ற எண்ணும், வீட்டில் யார் யார் பெயர் ஏறியிருக்கிறது என்பதும் வரும். அங்கேயே மின் அட்டையை இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், மலை இறங்கவே வேண்டாம். ஆகவே தாளின் வரி ‘அட்டை எடுங்கள்’ என்று இருக்கக் கூடாது. ‘முதலில் தேடிப் பாருங்கள்’ என்று இருக்கட்டும். ஊராட்சி அலுவலகத்தில் ஒரு கணினியும் ஒரு நாளும் இருந்தால் ஒரு ஊரையே தேடி முடித்துவிடலாம்.

பதிவில் இல்லாதவர்களுக்குத்தான் அலைச்சல். திட்டத்தின் விண்ணப்பப் படிவத்தில் வி.ஏ.ஓ. கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பதற்கான சான்று அது. வி.ஏ.ஓ. கிடைக்கவில்லை, இழுத்தடிக்கிறார் என்றால் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கே விண்ணப்பித்துவிடலாம். கட்டணம் 60 ரூபாய். அந்தச் சான்று, ரேஷன் அட்டை, அட்டையில் பெயர் உள்ள எல்லோருடைய ஆதார் அசலும் நகலும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். படம் எடுப்பார்கள், கைரேகை வைப்பார்கள். காகிதம் சரியாக இருந்தால் மையத்தில் வேலை சீக்கிரம் முடியும். நாள் போவது வருமானச் சான்றுக்குத்தான். அதனால் சான்று கைக்கு வந்த பிறகே பஸ் ஏறச் சொல்லுங்கள்.

எங்கே தடுக்கும் என்பதைத் தாளில் கட்டாயம் எழுதுங்கள். புதிதாக வந்த மருமகள் பெயர் ரேஷன் அட்டையில் ஏறியிருக்காது. பிறந்த வீட்டு அட்டையிலும் நீக்கியிருப்பார்கள். அந்தப் பெண் எந்த அட்டையிலும் இல்லாமல் அந்தரத்தில் நிற்பாள். முதலில் ரேஷன் அட்டையைச் சரிசெய்ய வேண்டும். ஆதாரில் ‘சின்னப்பொண்ணு’, ரேஷன் அட்டையில் ‘சின்னபொன்னு’ என்று எழுத்து மாறியிருந்தாலும் கேள்வி வரும். வருடக்கணக்கில் பழம் பறித்த கைகளில் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் எடுக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். ஆதார் மையத்தில் ரேகையும் கருவிழியும் புதுப்பித்துவிட்டு வந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

வருமானக் கணக்கில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. காப்பிப் பறிப்பு ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. அந்த நாட்களின் கூலியை வருடம் முழுவதற்கும் பெருக்கினால் எந்தக் குடும்பமும் வரம்பைத் தாண்டிவிடும். உண்மையில் வேலை கிடைத்த நாட்களை எண்ணித்தான் ஆண்டு வருமானம். இதை வி.ஏ.ஓ.விடம் எடுத்துச் சொல்லத் தயங்க வேண்டாம். 1,20,000 என்பது ஒரு குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாய். வரம்பே சின்னது. அதையும் தப்பாகக் கணக்குப் போட்டுக் குறைத்துக்கொள்ளக் கூடாது.

எஸ்டேட் லைனில் இருக்கும் வெளிமாநிலத்தவருக்கு இரண்டு வழி உண்டு. சொந்த ஊரில் ஆயுஷ்மான் அட்டை, அதாவது பிரதமர் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்திருந்தால், அதே அட்டை இங்கே அந்தத் திட்டப் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளிலும் செல்லும். இல்லையென்றால், 6 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் குடியிருக்கிறார் என்று உரிய அதிகாரி சான்று கொடுத்தால் முதலமைச்சர் திட்டத்திலேயே சேரலாம். முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

அட்டை கையில் இருந்தும் ஏமாறும் இடங்கள் இவை. திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, தலைக்கு 5 லட்சம் அல்ல. படுத்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான். வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு வாங்கும் மாத்திரைக்கு இல்லை. ஓர் ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்பதால் அங்கே எல்லா நோய்க்கும் செல்லும் என்று அர்த்தமில்லை. எலும்பு சிகிச்சைக்கு மட்டும் சேர்ந்திருக்கும், இதயத்துக்குச் சேர்ந்திருக்காது. சில சிகிச்சைகள் அரசு ஆஸ்பத்திரிக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டவை. 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயின் பெயரைச் சொல்லி, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டுவிட்டுப் போவது நல்லது.

இரண்டாவது கேள்வி. இந்தத் திட்டத்தில் பணம் கட்டிவிட்டு, பில்லைக் காட்டித் திரும்ப வாங்கும் பேச்சே இல்லை. ஆஸ்பத்திரியில் காப்பீட்டு மேசை இருக்கும். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஸ்கேன், ரிப்போர்ட், செலவு மதிப்பீடு எல்லாவற்றையும் ஏற்றி முன் அனுமதி கேட்பார். அனுமதி வந்த பிறகு நடக்கும் சிகிச்சைக்குத்தான் திட்டம் பணம் கொடுக்கும். அந்தத் தொகை மொத்தத் தொகை: படுக்கை, மருந்து, பரிசோதனை, உள்ளே வைக்கும் கம்பி, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடக்கம். ‘அனுமதி வந்துவிட்டது, ஆனால் மருந்துக்கு மட்டும் தனியாக இவ்வளவு கட்டுங்கள்’ என்று கேட்டால் கட்டக் கூடாது. அதே எண்ணுக்கு அந்த மேசை முன்னால் நின்றே போன் போடலாம்.

உயிருக்கு ஆபத்தான நிலையில் வந்தவரை முதலில் பார்க்க வேண்டும், முன்பணம் பிறகுதான். உச்ச நீதிமன்றம் 1989இல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் சொன்னது இது; அரசு, தனியார் இரண்டுக்கும் பொருந்தும். நிலை சற்றுத் தேறியதும், அட்டை இல்லாதவர் அங்கேயே தொடர்வதா அரசுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாறுவதா என்பதை முதல் நாளே முடிவெடுங்கள். மூன்றாம் நாள் பில் ஏறிய பிறகு மாறுவது கொடுமை. மாறும்போது சிகிச்சைச் சுருக்கமும் ஸ்கேன் படமும் கேட்டு வாங்குங்கள். அது நோயாளியின் உரிமை. இல்லாவிட்டால் கீழே எல்லாப் பரிசோதனையும் முதலிலிருந்து எடுக்க வேண்டிவரும்.

அட்டை இல்லாவிட்டாலும் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் படுக்கை, அறுவை, மருந்து எதற்கும் பணம் இல்லை. அரசு ஆஸ்பத்திரி ஸ்கேன் மையங்களில் சி.டி.க்கு 500, எம்.ஆர்.ஐ.க்கு 2,500 என்று கட்டணம் உண்டு. காப்பீட்டில் உள்ளே படுத்திருப்பவருக்கு அதுவும் திட்டத்திலேயே போய்விடும்.

கொலுசுப்பேட்டை எழுதியது:

நாலாவது கேள்விக்கு மட்டும் நான் சொல்றேங்க.

வரம்பைத் தாண்டினவங்க முதல்ல பார்க்க வேண்டியது இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீடு. மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள, வேலை பண்ற இடத்துல 10 பேர் இல்ல அதுக்கு மேல இருந்தா முதலாளி சேர்த்தே ஆகணும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். தினக்கூலி சராசரி 176 ரூபாய்க்குள்ள இருந்தா தொழிலாளி பங்கே கிடையாது. சேர்ந்த நாள்ல இருந்தே தொழிலாளிக்கும் வீட்டுக்கும் வைத்தியம் உண்டு. வெளிநோயாளி மாத்திரையும் இதுல கிடைக்கும், முதலமைச்சர் திட்டத்துல இல்லாதது அது.

உடம்பு முடியாம லீவு எடுத்தா 70 சதவீத கூலி வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். ஆனா அதுக்கு அந்த ஆறு மாசக் கணக்குல 78 நாளாவது பணம் கட்டியிருக்கணும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டினது அடுத்த ஜனவரி–ஜூனுக்கு, அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டினது ஜூலை–டிசம்பருக்கு. நடுவுல பட்டறை மாறி 78 நாள் வராம போனா அடுத்த அரை வருஷம் அந்தக் கூலி கிடையாது. அதனால கட்டின நாளை மாசம் ஒரு தடவை போன்லயே பார்த்து வைங்க.

சேலத்துல சிக்கல் வேற இடத்துல இருக்கு. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசு வேலை பாதிக்கு மேல வீட்டுலயே நடக்குது. உருக்குறது ஒரு வீடு, கம்பி இழுக்குறது ஒரு வீடு, பொடி வெச்சுப் பத்துறது ஒரு வீடு. எந்த இடத்துலயும் 10 பேர் சேர மாட்டாங்க. தறியும் அப்படித்தான், ஒரே கூரைக்குக் கீழ இருக்குற தறியை ரெண்டு ஆளுங்க பேர்ல பிரிச்சு எழுதியிருக்கும். அந்த ஜனத்துக்கு இ.எஸ்.ஐ.யும் இல்ல. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் கூலியும் சேர்ந்தா 1,20,000 தாண்டிடும், அப்போ அந்த அட்டையும் இல்ல. இருக்குறதுலயே நியாயமில்லாம விட்டுப்போன கூட்டம் இதுதான், இதை யாராவது வெளிப்படையா சொல்லணும்.

இவங்க சொந்தமா பாலிசி எடுக்கலாம். 2025 செப்டம்பர் 22ல இருந்து தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்ல, முன்னாடி 18 சதவீதம் இருந்துச்சு. 65 வயசு தாண்டினா தரமாட்டோம்ங்கற வரம்பையும் 2024ல எடுத்துட்டாங்க. ஆனா முதல் 30 நாள் விபத்து தவிர எதுவும் வராது. ஏற்கெனவே இருக்குற நோய்க்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லலாம். சுகர் இருக்குறதை மறைச்சு எழுதாதீங்க. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்ல ‘6 வருடமாக சர்க்கரை’ன்னு டாக்டர் எழுதுற ஒரு வரி போதும், கிளெய்மை நிராகரிச்சுடுவாங்க. அறை வாடகை வரம்பையும் பாருங்க. ஒரு நாளைக்கு 3,000னு இருந்து நீங்க 6,000 அறையில படுத்தா வாடகை வித்தியாசத்தோட போகாது. டாக்டர் பீஸ், ஆபரேஷன் செலவுன்னு சேர்த்துப் பாதியா வெட்டுவாங்க.

பேங்குல வருஷம் 20 ரூபாய் பிடிக்கிறாங்களே, அது விபத்துல சாவு, ஊனத்துக்கு 2 லட்சம். வைத்தியச் செலவுக்கு இல்ல. நிறைய பேர் அதை மருத்துவக் காப்பீடுன்னு நம்பிட்டு இருக்காங்க, தாள்ல இதை ஒரு வரி போடுங்க.

மருந்துப்பட்டை எழுதியது:

மாத்திரை விஷயம். இதுதான் ஒரு வீட்டின் காசைச் சத்தமில்லாமல் உறிஞ்சுவது. அறுவை சிகிச்சை வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை வரும், சுகர் மாத்திரை மாதம் தவறாமல் வரும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயரைச் சேருங்கள். அட்டை கேட்க மாட்டார்கள், வருமானம் கேட்க மாட்டார்கள். நாகலூர், வாழவந்தி ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருமுறை டாக்டரைப் பார்த்து மருந்தும் அளவும் முடிவானால், அதன் பிறகு சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து கொடுத்து, பிரஷரும் சர்க்கரையும் பார்த்துவிட்டுப் போவார். நடக்க முடியாதவர்களுக்கு இயன்முறைப் பயிற்சியும் உண்டு. அந்தப் பகுதிக்கு வரும் கிராமச் சுகாதார செவிலியரிடம் பெயரும் வீட்டு அடையாளமும் கொடுத்தால் போதும்.

‘ஸ்டாக் இல்லை’ என்று சொன்னால் விட்டுவிட்டு வராதீர்கள். அரசு மருந்து முழுவதும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு நிலையத்துக்கும் பாஸ்புக்கில் பதிந்து கொடுப்பது. கிடங்கில் இருந்தும் நிலையத்தில் இல்லை என்றால் கேட்டு எழுதுவது தாமதமாகியிருக்கும். அரசு மருத்துவ உதவி எண்ணான 104க்குப் போன் செய்து நிலையத்தின் பெயர், மருந்தின் பெயர், தேதி மூன்றையும் சொல்லுங்கள். ‘மாத்திரை இல்லை’ என்ற பொதுப்புகாரால் ஒன்றும் நகராது. ‘மெட்ஃபார்மின் 500 இல்லை’ என்றால் அது யார் பொறுப்பு என்று உடனே தெரியும்.

வெளியே வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பட்டையைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் கொட்டை எழுத்தில் கம்பெனி வைத்த பெயர் இருக்கும். அதற்குக் கீழேயோ பின்னாலோ பொடி எழுத்தில் மருந்தின் உண்மைப் பெயரும் மில்லிகிராமும் இருக்கும். அந்தப் பொடி எழுத்தைத்தான் காகிதத்தில் எழுதிக்கொண்டு முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ கேட்க வேண்டும். முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரி 24இல் 1,000 இடங்களில் திறக்கப்பட்டவை. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். அவை மெதுவாகக் கரையும் மாத்திரை. அவற்றை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, சாதா மாத்திரையாக மாற்றவும் கூடாது.

மூன்று வகை மருந்தில் மட்டும் விலை குறைவு என்று கம்பெனியை அடிக்கடி மாற்றாதீர்கள்: தைராய்டு மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபாரின். இவற்றில் சின்ன வித்தியாசமும் உடம்பில் தெரியும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். தைராய்டுக்கு 6 வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும்.

இன்சுலின் பற்றித் தாளில் பெரிய எழுத்தில் ஒரு கட்டம் போடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அரசு கொடுக்கும் குப்பி பெரும்பாலும் 1 மில்லியில் 40 யூனிட். அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்சு. கடையில் ஆரஞ்சு மூடி சிரிஞ்சும் இருக்கும், அது 100 யூனிட் மருந்துக்கானது. 40 குப்பியில் இருந்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இறங்காது, ‘அரசு மருந்து வேலை செய்யவில்லை’ என்பார்கள். மாறாக 100 குப்பியில் இருந்து சிவப்பு சிரிஞ்சில் 20 இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அது உயிரை எடுக்கும். குப்பியில் என்ன எண், மூடி என்ன நிறம் என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் திறந்த குப்பியை 28 நாள் வரை வெளியே வைத்துப் பயன்படுத்தலாம், வெயிலும் அடுப்புச் சூடும் படாமல் இருந்தால். ஏற்காட்டுக் குளிரில் பெரும்பாலும் ஈர மணல் போட்ட மண்சட்டிக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்தாலே போதும். கீழே சேலத்து ஏப்ரல் வெயிலில் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டு வருவதுதான் ஆபத்து. ஐஸ் கட்டியை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்த இன்சுலினைக் கொட்டத்தான் வேண்டும்.

அடிவாரம் எழுதியது:

மேலே எழுதிய மூவரும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தாளில் அட்டை முதலில் வந்தால் அது சேலத்துக்காரருக்கு எழுதிய தாள் ஆகிவிடும். மலையில் இருப்பவருக்கு முதல் தடை தூரம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, ஏற்காடு டவுனில் இருந்தே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம் ஆகும். உள் கிராமத்தில் இருந்து டவுனுக்கு வரும் நேரம் தனி. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மண் சரிந்து பாதையே நின்றது. அட்டையில் 5 லட்சம் இருந்தாலும் அந்த ஒரு மணி நேரத்தை அது வாங்கித் தராது. ஆகவே எதற்கு மேலேயே நிற்க வேண்டும், எதற்கு நேராக இறங்க வேண்டும் என்பதுதான் முதல் பக்கம்.

நெஞ்சுவலி: நேராக சேலத்துக்குக் கார் பிடிக்காதீர்கள். முதலில் அருகிலுள்ள சுகாதார நிலையம். ‘இதயம் காப்போம்’ என்று 2023இல் வந்த திட்டத்தில் அங்கேயே 14 மாத்திரை ஒரே தடவையாகக் கொடுப்பார்கள்: ஆஸ்பிரின் 150 இரண்டு, குளோபிடோக்ரெல் 75 நான்கு, அடார்வாஸ்டாட்டின் 10 எட்டு. இ.சி.ஜி. பார்த்து, டாக்டர் சொன்ன பிறகு எடுப்பது அது. வீட்டில் வாங்கி வைத்து நாமாகப் போடுவதற்கு இல்லை, வயிற்றில் ரத்தக்கசிவு உள்ளவருக்கு ஆபத்து. போட்டதும் 108இல் கீழே.

வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சுக் குழறுவது: இதில் மேலே நிற்கவே வேண்டாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான், அதற்கும் முதலில் சி.டி. ஸ்கேன் வேண்டும். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதை ஒரு சீட்டில் எழுதி நோயாளியின் சட்டைப்பையில் வையுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அது. கூடப் போகிறவருக்குத் தெரியாவிட்டால் ஊசி போட முடியாது.

சாலை விபத்து: ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. முதல் 48 மணி நேர சிகிச்சை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். அட்டை வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம், எந்த மாநிலத்தவரும் சரி. முதலில் 1 லட்சம் வரை என்றிருந்தது, பிறகு 2 லட்சம் ஆக்கினார்கள். 48 மணி முடிந்ததும் அட்டை இருந்தால் அதில் தொடரலாம், இல்லையென்றால் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவார்கள். அந்த இரண்டு நாளுக்குள் வீட்டில் ஒருவர் பதிவைத் தேடிப் பார்த்துவிட வேண்டும்.

பாம்புக்கடி: கட்டு இறுக்குவது, கீறுவது, வேர் அரைப்பது வேண்டாம். கடித்த கையையோ காலையோ அசையாமல் வைத்து அரசு ஆஸ்பத்திரி. விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். தொடக்கத்திலேயே பத்து குப்பி அளவுக்குத் தேவைப்படும் மருந்து அது, தனியாரில் காசு கட்டி வாங்க வேண்டியதில்லை. நாய்க்கடிக்கு சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி இலவசம், தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28ஆம் நாள். மூன்று ஊசியோடு நின்றுவிடுபவர்கள் அதிகம். 28ஆம் நாளின் தேதியை அப்போதே காலண்டரில் வட்டமிடச் சொல்லுங்கள். காட்டெருமை முட்டினால் சிகிச்சையோடு ரேஞ்சர் அலுவலகத்திலும் அன்றே எழுதிக் கொடுக்க வேண்டும். இழப்பீட்டுக்கு ஆஸ்பத்திரிச் சான்று முக்கியம்.

பிரசவம்: அரசில் சுகப்பிரசவம், சிசேரியன், ரத்தம், மருந்து, சாப்பாடு எதற்கும் காசு இல்லை. மலைப்பகுதிகளில் பிரசவக் காத்திருப்பு அறை ஏற்பாடு தமிழ்நாட்டில் உண்டு. தேதிக்குச் சில நாள் முன்பே போய்த் தங்கலாமா என்று செவிலியரிடம் கேட்டு வைத்தால் நள்ளிரவில் வளைவில் வண்டிக்குள் பிரசவம் ஆகும் நிலை வராது.

திரும்பி வரும் செலவையும் எழுதுங்கள். 108 கூட்டிப்போகும், கொண்டுவந்து விடாது. பிரசவமான தாய்க்கும் குழந்தைக்கும் 102 உண்டு. இறந்துபோனால் அரசு ஆஸ்பத்திரியில் இருந்து உடலைக் கொண்டுவர 155377, இலவச அமரர் ஊர்தி. இதைத் தெரியாமல் வாடகை வண்டிக்குக் கடன் வாங்குகிறார்கள். பில் பாக்கிக்காக உடலை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளி உரிமைச் சாசனத்திலேயே இருக்கிறது.

மலைப்பாதை20 எழுதியது:

எல்லோருக்கும் நன்றிங்க. வரிசையை மாற்றுகிறோம்: முன்பக்கம் அவசரமும் போன் எண்களும், பின்பக்கம் மேல்பாதி மாத்திரையும் இன்சுலின் கட்டமும், கீழ்பாதி அட்டை. இன்னும் இரண்டு சந்தேகம். அட்டை இல்லாத நாற்பது ஐம்பது குடும்பத்தைச் சேலத்துக்கு அனுப்புவதற்குப் பதில் மையத்தையே மேலே வரவைக்க முடியுமா? உள் ஊர்களில் 108க்கு இடம் சொல்லத் தெரியாமல் திணறுகிறார்களே, அதற்கு என்ன எழுதலாம்?

வார்டுமேசை எழுதியது:

முடியும். பதிவில் இல்லை என்று தேடிப் பார்த்து உறுதியான குடும்பங்களின் பட்டியல் தயார் செய்யுங்கள்: ரேஷன் அட்டை எண், குடும்பத் தலைவர், வருமானச் சான்று கையில் இருக்கிறதா. அதோடு திங்கள்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் ஊராட்சித் தீர்மானத்தோடு மனு கொடுங்கள். ‘முகாம் வேண்டும்’ என்ற மனுவை விட, ‘46 குடும்பம், 40 பேருக்குச் சான்று தயார், பள்ளிக்கூடத்தில் மின்சாரமும் இணையமும் உண்டு’ என்ற மனு வேகமாக நகரும். முகாமுக்கு வந்து சான்று இல்லாமல் திரும்புவதுதான் எங்கும் நடக்கும் கோளாறு. அதனால் வி.ஏ.ஓ.வையும் அதே நாளில் உட்கார வைக்கக் கேளுங்கள். மனு ரசீது எண்ணை வைத்துக்கொண்டால் முதலமைச்சர் உதவி மைய எண்ணான 1100இல் நிலவரம் கேட்கலாம்.

அடிவாரம் எழுதியது:

108க்கு வீட்டு முகவரி உதவாது. ஒவ்வொரு ஊருக்கும் வண்டி ஏறி வரக்கூடிய கடைசி இடம் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அது கோயில் முக்கு, எஸ்டேட் கேட், பாலம், எதுவாகவும் இருக்கலாம். அந்த ஊரில் ஒட்டும் தாளில் மேலேயே இப்படி ஒரு வரி: ‘ஏற்காடு தாலுகா, இன்ன ஊராட்சி, இன்ன ஊர், இந்த இடத்துக்கு வண்டி வரணும், ஏற்காட்டில் இருந்து வரும்போது இன்ன கைப்பக்கம் திரும்பணும்.’ போன் பேசுபவர் அதைப் பார்த்து அப்படியே வாசித்தால் போதும். குப்பனூர் வழியாக ஏறும் இன்னொரு மலைப்பாதை கிட்டத்தில் இருக்கும் ஊர்களுக்கு அதையும் சொல்லச் சொல்லுங்கள். ஊரில் எந்தப் பாறைமேல், எந்த மேட்டில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதையும் அதே வரியின் கீழே எழுதுங்கள். செவிலியர், தன்னார்வலர் எண்களுக்குக் காலிக் கோடு விட்டு, ஆள் மாறும்போது மாற்றி எழுத ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். தாளை லேமினேட் பண்ணிவிடுங்கள், இங்கே சாரலுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது.